பதினாறாவது போல்ட்

எங்கள் லேபில் எதையும் செய்வதில்லை, உடைப்பதோடு சரி. கம்பி, சங்கிலி, கொக்கி, போல்ட் என்று ஊரிலுள்ளவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை மிஷினில் மாட்டி, அறும்வரை இழுத்து, எத்தனை டன்னில் அறுந்தது என்று ஒரு தாளில் போட்டுக் கொடுப்போம். இழுப்பவள் அவள். தாளை அடிப்பவள் நான். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. லேபில் அவளுக்கு இழுவைக்காரி என்று பெயர். எனக்கும் ஒரு பெயர் உண்டு, அதை நான் சொல்லப்போவதில்லை.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அங்கே வெங்காயம் வதக்கினால் இங்கே எனக்குப் பசிக்கும். இங்கே நான் ரேடியோவைத் திட்டினால் அங்கே அவள் புருஷன் சிரிப்பார். அவர் ஃபிட்டர். இரும்பு வேலை எடுத்துச் செய்யும் தன் அக்கா புருஷனிடம் வேலை பார்க்கிறார். அந்தக் காண்ட்ராக்டர் வாய் பெரிய மனுஷர், கையும் பெரியதுதான். பத்தொன்பது வயதில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த மச்சினனைக் கூட்டிப்போய் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த நன்றி ஃபிட்டருக்கு எலும்புவரை உண்டு. அதனால்தான் இவ்வளவும் ஆயிற்று என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஆனால் உண்மை அதுவல்ல. இதற்கெல்லாம் ஆரம்பம் என் கண் முன்னாலேயே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது.

அன்றைக்குச் சரியான புழுக்கம். லேபில் இருந்த ஒரே மின்விசிறியும் மேனேஜர் அறைக்குப் போய்விட்டது. நானும் அவளும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். ரொட்டியும் முட்டையும். அப்போது ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். சட்டைப்பையில் இரண்டு போல்ட்.

"இங்க பாரு, இதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லேன்."

"வாசல்ல ரசீது போட்டீங்களா?"

"கட்டின புருஷனுக்குமா ரசீது?"

"மிஷினுக்கு ஏது புருஷன்? அது எல்லாரையும் ஒரே மாதிரிதான் இழுக்கும்," என்றாள். ஆனாலும் கையை நீட்டிவிட்டாள்.

விஷயம் இதுதான். தையல் கம்பெனிக்கு இரண்டு கட்டடம், நடுவே தெரு. மாடியிலிருந்து மாடிக்கு ஒரு நடைபாலம் போடுகிறார்கள். அதற்கு வந்த போல்ட்டில், மாதிரிக்கு எடுத்துவைத்த இரண்டு போக, பதினாறு குறைந்துவிட்டது. திறப்பு நாள் நெருங்கிவிட்டதால் காண்ட்ராக்டர் கடையிலிருந்து பதினாறுக்கு இரண்டு கூடுதலாகவே வாங்கி வந்துவிட்டார். அதே கனம், தலையில் அதே நம்பர். ஒரே வித்தியாசம், பழைய போல்ட்டில் பாதிதான் மரை, மீதி வெறும் தண்டு. புதியதில் தலையிலிருந்து நுனிவரை மரை.

"அத்தான் ரெண்டும் ஒண்ணுதான்ங்கிறாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா பூட்டிடுவேன்."

ரசீது இல்லாமல் எதையும் மிஷினில் மாட்டக்கூடாது என்பது லேபின் சட்டம். சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது, அடித்தவள் நானே. அவள் முட்டையை வாயில் அடக்கிக்கொண்டு பழைய போல்ட்டை மாட்டினாள். டன் காட்டும் முள் ஏறியது, ஏறியது, போல்ட் மரையில் படீரென்று அறுந்தது. புதியதை மாட்டினாள். அதுவும் மரையில்தான் அறுந்தது. முள் நின்ற இடம் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

"ரெண்டும் ஒண்ணுதான். பூட்டுங்க," என்றாள்.

ஃபிட்டரின் முகம் தெளிந்தது. என் டப்பாவிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாலம் திறந்தார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. தையல் கம்பெனியில் நானூறு பேருக்குக் குறையாத பெண்கள். காலையில் மேற்குக் கட்டடத்தில் வெட்டு, கிழக்கில் தையல், சாப்பாட்டுக்கு மேற்கு, மறுபடி கிழக்கு என்று அவர்கள் பாடு பாலத்தில்தான். முன்பெல்லாம் நனைந்துகொண்டு தெருவைக் கடப்பார்கள். இப்போது நனையாமல் போவதில் அவர்களுக்கு ஒரே குஷி. காண்ட்ராக்டரின் மனைவி, அதாவது ஃபிட்டரின் அக்கா, அங்கே லைன் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு ஆறு தடவை அவளும் அதில் நடந்தாள்.

திறந்து பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் அத்தானும் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தனியாக என்ன செய்வேன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மீன் குழம்பு. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது, மூலையில் ஒழுகிய இடத்தில் ஒரு பாத்திரம். காண்ட்ராக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எத்தனை பேர் மாமூலா நடக்கிறாளுங்க தெரியுமா? பாலம் ஒரு ஆட்டம்? ஒரு சத்தம்? மச்சான், சொல்லேன், எப்படிப் பூட்டினோம்னு இவங்களுக்குக் காட்டு."

ஃபிட்டர் இரண்டு தட்டுகளை நெருக்கமாக நிறுத்தினார். நடுவே கரண்டிக் காம்பை நுழைத்தார். "இது ரெண்டும் சுவர்ல இருக்கிற தகடு. கரண்டிதான் பாலத்தோட பீம். மூணையும் துளைச்சு குறுக்க போல்ட். அவ்வளவுதான்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"குறுக்கவா?"

"ஆமா."

"போல்ட் தொங்கலையா? பாலத்தைத் தொங்கவிட்டு மேல நட்டு போடலையா?"

"தொங்குற பாலம்னு யார் சொன்னா? குறுக்கதான் நிக்குது. வெயிட் முழுக்க அது முதுகுல."

அவள் எழுந்து கை கழுவினாள். சோறு பாதி தட்டில் கிடந்தது. திரும்பி வந்து நின்றுகொண்டே பேசினாள். அவள் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை.

"நான் இழுத்துப் பாத்தேங்க. இழுத்தா எந்த போல்ட்டும் மரையிலதான் அறும், பழசோ புதுசோ. அதான் நம்பர் ஒண்ணா வந்துச்சு. ஆனா அங்க போல்ட்டை யாரும் இழுக்கல. கத்தரிக்கோல் மாதிரி வெட்டுது. தகடு இந்தப் பக்கம், பீம் அந்தப் பக்கம். பழைய போல்ட்ல அந்த இடத்துல முழுத் தண்டு இருக்கும். இதுல மரை. மரை வெட்டின இடத்துல கனம் நாலுல ஒரு பங்கு குறைவு. நான் தப்பா சொல்லிட்டேன்."

"என்ன தப்பு? நாலுல ஒண்ணுதானே?" என்றார் காண்ட்ராக்டர். "கணக்குப் போடுறவன் எப்பவும் ரெண்டு மடங்கு வெச்சுத்தான் போடுவான். எனக்குத் தெரியாதா?"

"அது மழைக்கு, கூட்டத்துக்கு, ஓடுறதுக்கு வெச்சதுண்ணே. நம்ம தப்புக்கு வெச்சது இல்ல." அவள் ஃபிட்டரைப் பார்த்தாள். "துளை எல்லாம் நேரா உக்காந்துச்சா?"

ஃபிட்டர் கரண்டியைத் தட்டுகளுக்கு நடுவிலிருந்து உருவினார்.

"கேக்கிறேன்ல?"

"கிழக்குப் பக்கம் ரெண்டு மூணு சேரல. கடப்பாரை போட்டு நெம்பி இறக்கினோம்," என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"அப்போ சேராத துளையில இருக்கிறது மத்ததோட வெயிட்டையும் சேத்து வாங்குது. அண்ணே, நாளைக்குக் காலையில பாலத்தை மூடச் சொல்லுங்க. மாத்திடலாம். ஒரு நாள் வேலை."

காண்ட்ராக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "மூடச் சொல்லி? என்னன்னு சொல்லணும்? கடையில வாங்கிப் பூட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னா? அதுக்கப்புறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்? ஏம்மா, உன் வீட்டு அடுப்பு எதுல எரியுதுன்னு நினைச்சே? என் பொண்டாட்டியே தினமும் அதுல நடக்கிறா. நான் ஏனோதானோன்னு செய்வேனா?"

ஃபிட்டரின் அக்கா மீனில் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டிருந்தாள். மீனே தீர்ந்துபோன பிறகும் அவள் விரல் தேடிக்கொண்டிருந்தது.

"மச்சான், கிளம்புறேன். உன் வீட்டுல மிஷின் பேசுது," என்று காண்ட்ராக்டர் எழுந்துவிட்டார்.

அவர்கள் போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

"அத்தான் எனக்கு அப்பா மாதிரி. அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அக்கா மூஞ்சில?"

அப்புறம் பாத்திரத்தில் சொட்டும் தண்ணீர் சத்தம்தான்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக அவள் என்னை எழுப்பி லேபுக்கு இழுத்துப்போனாள். அலமாரியின் அடித்தட்டில் ஒரு கனமான கருவி உண்டு. மூன்று தகடு, நடுவே துளை. போல்ட்டைக் குறுக்கே நுழைத்து வெட்டிப் பார்ப்பதற்கானது. யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் இழுவை நம்பர் போதும். தூசியைத் துடைத்து மாட்டினாள். ஃபிட்டர் பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று மீந்திருந்த இரண்டு போல்ட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தார். இம்முறை தன் பெயரிலேயே ரசீது போட்டாள்.

பழைய போல்ட்டுக்கு முள் நன்றாக மேலே போனது. புதியது அதில் முக்கால் வழியிலேயே டப்பென்று போய்விட்டது. படீர் சத்தம்கூட இல்லை. எடுத்துப் பார்த்தால் கத்தியால் வெட்டியதுபோல் சப்பையான முகம்.

"அடி," என்றாள்.

அடித்தேன். தப்புத் தப்பாக அடித்ததில் மூன்று தாள் வீண். கடைசி வரியாக, பாலம் திறப்பதற்கு முன் ரசீதில்லாமல் இழுத்ததையும் அதை வைத்துத் தவறாகச் சொன்னதையும் சேர்க்கச் சொன்னாள்.

"அதை எதுக்குடி சேக்கிறே? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரேன்."

"அது இல்லாம இந்தத் தாளை எவன் நம்புவான்? எதுக்கு இதைச் சோதிச்சேன்னு கேப்பான்ல?"

தாளை எடுத்துக்கொண்டு ஓடினோம். தையல் கம்பெனி ஆபீசில் பெரியவர் எவரும் ஒன்பதுக்கு முன் வரமாட்டார்களாம். முதல் மணி எட்டுக்கு. மாடியேறிப் பார்த்தால், பாலத்தின் மேற்கு வாயில் நடுவே இரண்டு தகர டிரம். டிரம்மிலிருந்து டிரம்முக்குக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஃபிட்டர். கிழக்கு வாயில் கதவை அவரே உள்பக்கம் பூட்டிவிட்டு வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் தானாக ஒரு காரியம் செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்னய்யா இது, பத்து நாளுக்குத்தான் பாலமா?"

"மழையில சுத்திப் போகச் சொல்றியா? நீ குடை பிடிக்கிறியா?"

"நானூறு குடை வேணும்டி அவருக்கு!"

அவர் கயிற்றை மட்டும் விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் அக்கா வந்தாள். கழுத்தில் அளவு நாடா, கையில் வருகைப் பட்டியல்.

"தம்பி, வழியை விடு. என் லைன் பூராவும் நிக்குது."

"முடியாதுக்கா."

"உன் அத்தான் கேட்டா?"

"நான்தான் மூடினேன்னு சொல்லு."

அவள் தம்பியைப் பார்த்தாள். பின்னால் நின்ற இழுவைக்காரியைப் பார்த்தாள். நடுவில் அந்தப் பாலத்தையும், அதன் ஈரத் தரையில் சனிக்கிழமை பதிந்த செருப்புத் தடங்களையும் பார்த்தாள். அப்புறம் திரும்பி, "எல்லாரும் படியில இறங்குங்க. தெரு வழியா போலாம்," என்று தன் லைனைக் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். அவள் இறங்கவும் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

ஒன்பது மணிக்குத் தாள் பெரியவர் மேஜைக்குப் போனது. பாலத்தை மூடினார்கள். காண்ட்ராக்டர் தன் செலவில் வேறு போல்ட் வரவழைத்து மாற்றினார். மச்சினனைக் கிட்டேயே அண்டவிடவில்லை.

புதன்கிழமை ஒரு சாக்கோடு லேபுக்கு வந்தார். மேனேஜர் மேஜைமேல் கவிழ்த்தார். மேஜைக் கண்ணாடி விரிந்துபோனது.

"பாருங்க சார். கழட்டினது எல்லாம் இதுதான். ஒண்ணாவது வளைஞ்சிருக்கா? ஒரு கீறல் இருக்கா? உங்க ஆளு ஒரு தாளை அடிச்சு என் பேரை நாறடிச்சுட்டா."

மேனேஜர் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். எல்லாம் குச்சி மாதிரி நேராக இருந்தன. அவளும் எடுத்துப் பார்த்தாள். மரைமேல் நகத்தை ஓட்டினாள். எண்ணிக்கொண்டே ஓரமாக வைத்தாள்.

"அண்ணே, பதினஞ்சுதான் இருக்கு."

"ஒண்ணு கழட்டும்போது கீழ சாக்கடையில விழுந்துடுச்சு. வேணும்னா இறங்கித் தேடிக்கோ."

மேனேஜர் பயந்த சுபாவம். ரசீதில்லாத சோதனை என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது அவருக்கு. விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வரவேண்டாம் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீயும் கூட இருந்தியாமே? அவ புருஷன் போல்ட்டை எதுக்குக் கொண்டுவந்தாரு, யார் வாங்கினதுன்னு சொன்னாரு?" என்று கேட்டார். காண்ட்ராக்டர் அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ, கடையில் வாங்கிய போல்ட்டைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது, எல்லாம் மச்சினன் பார்த்துக்கொண்டது என்று ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார். கவனிக்கல," என்றேன்.

சொன்னவள் நான்தான். பதினோரு வருஷம் அவளோடு ஒரே டப்பாவில் தின்ற வாய் இது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் சுட்டது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஃபிட்டருக்கு வேலை போயிற்று. கிடைத்த இடத்தில் கேட் பூட்டுக்குப் பற்றவைப்பது, ஜன்னல் கம்பி மாற்றுவது என்று போய் வந்தார். அவள் வீட்டில் இருந்து ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவினாள். தெருவில் எல்லாருக்கும் கதை தெரியும். நன்றி கெட்டவன் என்றும், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடினான் என்றும், ஒரு போல்ட்டாவது வளைந்திருந்ததா என்றும் கேட்டார்கள். கடைசிக் கேள்விதான் அவளை அரித்தது. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஒருவேளை நான்தான் ரெண்டாவது தடவையும் தப்பா சொல்லிட்டேனா?"

"மிஷின்ல பாத்தோமேடி."

"மிஷின்ல பாத்தோம். பாலத்துல ஒண்ணும் ஆகலையே. பதினஞ்சும் நேரா இருந்துச்சே." சொல்லிவிட்டு நறுக்கியதையே மறுபடி பொடியாக நறுக்கினாள்.

மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், தையல் கம்பெனி விட்ட நேரம். நான் அவள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்கிக்கொண்டு ஃபிட்டரின் அக்கா உள்ளே வந்தாள். அன்றைய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அந்த வாசற்படி ஏறவில்லை. இவள் பதறி எழுந்தாள்.

"வாங்க அண்ணி. உக்காருங்க. டீ போடட்டுமா?"

"டீ கிடக்கட்டும்." தைத்து மீந்த ஒரு காலர்த் துணியில் சுற்றிய எதையோ பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தாள். "அவரோட பெட்டி அடியில இருந்துச்சு. மழைக்கோட்டு தேடினேன், கிடைச்சுது. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

அவள் துணியைப் பிரித்தாள். முழு மரை போல்ட். நுனிவரை துரு. நடுவே ஓரிடத்தில் போல்ட் ஒரு படி இறங்கியிருந்தது, மேல் பாதி இந்தப் பக்கம், கீழ் பாதி அந்தப் பக்கம் நகர்ந்தாற்போல. அந்த இடத்தில் வெடிப்பு பாதிக்கு மேல் ஓடியிருந்தது. அவள் கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினாள். என் விரலையும் பிடித்து ஓட்டினாள். விரல் படியில் தட்டி நின்றது.

"இதுதான் மத்ததோட வெயிட்டை வாங்கினது," என்றாள் மெதுவாக. "அண்ணி, இது இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கியிருக்கும். இது போனா அடுத்தது, அப்புறம் அதுக்கு அடுத்தது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையால் முகத்து மழைத் தண்ணீரைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என் பொண்டாட்டியே அதுல நடக்கிறான்னு சொன்னாருல்ல அன்னைக்கு? பொய் இல்ல அது. நான்தான் நடந்தேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. என் பின்னாடி நாப்பத்திரண்டு பொண்ணுங்க." நிமிர்ந்தாள். "நாளைக்கு இதைக் கொண்டு போய் உங்க மேனேஜர்கிட்ட வை."

"வெச்சா அண்ணனுக்கு இனிமே யாரும் வேலை குடுக்க மாட்டாங்க."

"தெரியும். பதினெட்டு நாளா அவர் தூங்கல, அதுவும் தெரியும். பக்கத்துல படுத்திருக்கிறவ நான். ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"முதல்ல ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னது நான் அண்ணி. உங்க தம்பி என் பேச்சை நம்பித்தான் பூட்டினாரு."

"அதை நீ சொல்லிட்டே. தாள்லயே எழுதிக் குடுத்துட்டே. அவர் இன்னும் சொல்லல."

அப்போது ஃபிட்டர் வந்தார். ஈரக் காலோடு வாசலிலேயே நின்று அக்காவைப் பார்த்தார், பெண்டாட்டி கையில் இருந்ததைப் பார்த்தார். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போல்ட்டை வாங்கி ஒரே ஒரு தடவை விரலால் தடவினார். "கிழக்குப் பக்கம் மூணாவது. நான்தான் கடப்பாரை போட்டேன்," என்றார். சொல்லிவிட்டு அக்கா காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதார். அக்கா அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, "ஏண்டா ஈரத்தோட உக்கார்றே," என்றாள்.

டீ ஆறிப்போயிருந்தது. எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் இன்னும் சொல்லல என்று அக்கா சொன்னபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். நானும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. லேபின் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். காவலாளி, "என்னம்மா, மிஷினுக்கு முன்னாடி நீ வந்துட்டே?" என்று கிண்டல் செய்தார். அவளும் அவள் நாத்தனாரும் தெருமுனையில் சேர்ந்து வந்துகொண்டிருந்தார்கள், காலர்த் துணி அக்கா கையில். அவர்கள் வந்து சேர்வதற்குள் மேனேஜரின் வண்டி வந்துவிட்டது. நான் வண்டிக்கருகில் போய், அவர் கதவைத் திறக்கும் முன்னேயே சொன்னேன்.

"சார், அன்னைக்கு நான் எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."